கைபேசியில் அழித்த தமிழை மீட்கலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மொபியன் (டெபியன் லினக்ஸ் வழிவந்த கைபேசி இயங்குதளம்) நிறுவிய பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைபேசி ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்துகிறேன். சேமிப்பு 16 ஜிபி. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டை வேவ் கோப்புகளாக அதில்தான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததால், லோகேல் என்ற பெயருள்ள, மொழிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்களில் ஆங்கிலம் தவிர மற்ற எல்லாவற்றையும் ரூட் (முழு அதிகார) அனுமதியோடு அழித்தேன். தமிழும் மலையாளமும் சேர்ந்து போய்விட்டன. இப்போது மெனு முழுவதும் ஆங்கிலம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) எதைத் தட்டினாலும் லோகேல் பிழை வருகிறது. பதிவுகளின் தமிழ்ப் பெயர்கள் வெறும் எண்களாகத் தெரிகின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவு என்கிறார்கள். பாட்டு போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
(கல்லூரி மாணவர், தக்கலை)

பதில்: உண்டு மக்களே. துடைக்கவே வேண்டாம். வடசேரியில் என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பலர், யாரோ சொன்னார்கள் என்று முதலில் துடைத்துவிட்டு அப்புறம்தான் கேட்க வருகிறார்கள். நீங்கள் துடைக்கும் முன் எழுதினீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெர்மினலில் தெரிவதாக நீங்கள் எழுதி அனுப்பிய வரியைப் பாருங்கள்: 340, 256, 340, 257 என்று திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றை எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) எண் முறையில் எழுதினால் முதல் இரண்டும் 340 256 என்றோ 340 257 என்றோதான் வரும். 'அ' என்றால் 340 256 205. ஆக, உங்கள் வில்லுப்பாட்டின் பெயர் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் உள்ளே இருக்கிறது. இவை எழுத்துகள் என்று சொல்லித்தரும் லோகேல் தரவு இல்லாததால், கட்டளை அவற்றை எண்களாகக் காட்டுகிறது. இந்த நிலையில் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். 'இதென்ன குப்பைப் பெயர்' என்று புதுப் பெயர் வைத்துவிட்டால், எந்தக் கொடையில் யார் பாடியது என்ற விவரம் போய்விடும். அதை எந்தக் கட்டளையும் மீட்டுத் தராது.

வேலையைத் தொடங்கும் முன் பதிவுகளை வெளியே எடுத்து வையுங்கள். மெமரி கார்டில் ஒவ்வொன்றாக நகல் எடுப்பதைவிட, டார் கட்டளையால் ஒரே கட்டாகக் கட்டி நேரே கார்டிலேயே எழுதுவது நல்லது. பெயர்களின் பைட்டுகள் கட்டுக்குள் அப்படியே இருக்கும். கார்டு ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அப்படியானால் ஒவ்வொரு கொடைக்கும் தனிக் கட்டாகப் போடுங்கள்.

இனி, அழிந்தது என்ன என்று பார்ப்போம். லோகேல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வேறு பொருள்கள் அழிந்திருக்கின்றன. ஒன்று, யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் லோகேல் என்ற இடத்தில் இருப்பது. தேதி எப்படி எழுதுவது, கிழமைகளின் பெயர் என்ன, எது எழுத்து, எதற்குப் பின் எது வரும் என்ற விதிகளைத் தொகுத்த தரவு அது. உங்கள் பிழைச் செய்திகளும் எண்களும் அது இல்லாததால் வருகின்றன. மற்றொன்று, யூஎஸ்ஆர், ஷேர், லோகேல் என்ற இடத்தில் மொழிவாரியாக இருந்த எம்ஓ கோப்புகள். மெனுவில் வரும் தமிழ்ச் சொற்கள் எல்லாம் அவற்றில்தான் இருந்தன. முதலாவதைக் கைபேசியே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். இரண்டாவது அப்படியல்ல. ஒவ்வொரு மென்பொருளும் தன் மொழிபெயர்ப்பைத் தானே கொண்டுவருவதால், அந்தந்த பேக்கேஜிலிருந்துதான் (மென்பொருள் பொதியிலிருந்துதான்) திரும்ப எடுக்க வேண்டும்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியே இருக்கட்டும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மின்சாரம் போகிற நேரம் யாருக்கும் தெரியாது. பாதியில் நின்றுபோனால் பதற வேண்டாம். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையை கான்ஃபிகர், ஏ என்ற விருப்பங்களோடு ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் கைபேசியின் தேதி சரியா என்று பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால், களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று, இணையக் களஞ்சியத்திலிருந்து பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் கட்டளை மறுத்துவிடும். பலர் இணையம் சரியில்லை என்று நினைத்து மணிக்கணக்கில் அலைக்கழிவது இந்த இடத்தில்தான்.

அடுத்து கொஞ்சம் இடம் வேண்டும். 'சுடோ ஆப்ட் கிளீன்' என்று கொடுங்கள். பதிவிறக்கி நிறுவி முடித்த பேக்கேஜ்களின் நகல்கள் போகும். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் வாக்யூம்-சைஸ் என்ற விருப்பத்தை 50 எம் என்று கொடுத்தால் பழைய பதிவேடுகள் சுருங்கும். இந்த இரண்டையும் அன்றைக்கே செய்திருந்தால் மொழிகளின் பக்கம் போகவே தேவை இருந்திருக்காது.

இப்போது முக்கியமான இடம். ஈடிசி, டிபிகேஜி, டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி என்ற ஃபோல்டருக்குள் போய் அங்குள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். பாத்-எக்ஸ்க்ளூட் என்று தொடங்கி லோகேல் ஃபோல்டரைக் குறிக்கும் வரி எதிலாவது இருக்கிறதா? இருந்தால், 'இந்த இடத்துக்கு வரும் கோப்புகளை நிறுவாதே' என்று யாரோ கைபேசிக்கு நிரந்தர உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். லோகேல்பர்ஜ் என்ற மென்பொருளை நிறுவினால் இந்த உத்தரவு வரக்கூடும். உங்கள் கைபேசியோ இன்னொருவர் கை மாறி வந்தது. உத்தரவு இருக்கும்வரை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் தமிழ்க் கோப்பு ஒன்றுகூட வந்து சேராது, பிழை என்றும் காட்டாது. லோகேல்பர்ஜ் இருந்தால் நீக்கிவிடுங்கள். வரி எஞ்சியிருந்தால் அதன் முன்னால் # என்ற குறி போட்டு முடக்குங்கள்.

அதன்பின் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் இரண்டையும் முடியுங்கள். அப்கிரேட் ஏன் என்றால், உங்களிடம் இருக்கும் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இப்போது இல்லையானால், மறுபடி நிறுவ முடியாது என்று ஆப்ட் கைவிரித்துவிடும். வழியெல்லாம் பெர்ல் மொழியின் லோகேல் எச்சரிக்கை பத்து வரிக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் கெடுதல் இல்லை.

அடுத்து ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையோடு ரீஇன்ஸ்டால் என்ற விருப்பத்தைச் சேர்த்து, லோகேல்ஸ், லிப்சி-பின் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் நிறுவுங்கள். லிப்சி-பின் வந்ததும் சி.யூடிஎஃப்-8 என்ற அடிப்படை லோகேல் திரும்பிவிடும். லோகேல்ஸ் பேக்கேஜ் மூலத் தரவைக் கொண்டுவரும். பிறகு 'சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ்' என்று கொடுத்தால் நீண்ட பட்டியல் ஒன்று திறக்கும். அதில் இந்தியத் தமிழ், இந்திய மலையாளம், இந்திய ஆங்கிலம் மூன்றையும் ஸ்பேஸ் தட்டிக் குறியிடுங்கள். தமிழுக்குரிய வரி டிஏ_ஐஎன் யூடிஎஃப்-8 என்றிருக்கும். கீழே டிஏ_எல்கே என்று ஒன்று இருக்கும், அது இலங்கைத் தமிழுக்கு. இயல்பு மொழியாக டிஏ_ஐஎன் தேர்ந்தெடுங்கள். பைன்ஃபோனின் சில்லு வேகமானது அல்ல, தொகுத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். லோகேல்ஸ்-ஆல் என்ற பேக்கேஜை நிறுவச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். உலகத்து மொழிகள் அத்தனையையும் கொண்டுவந்து இறக்கி, உங்கள் 16 ஜிபியை மறுபடி நெருக்கும்.

ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து பாருங்கள். வில்லுப்பாட்டுகளின் பெயர்கள் தமிழில் நிற்கும். வரிசையையும் கவனியுங்கள். கருங்கல், கல்குளம், கன்னியாகுமரி என்று மூன்று பெயர்களை ஒரு கோப்பில் எழுதி சார்ட் கட்டளைக்குக் கொடுத்தால், தமிழ் லோகேல் இருக்கும்போது இதே வரிசையில் வரும்: ர, ல, அதற்குப் பின் ன. லோகேல் இல்லாதபோது கன்னியாகுமரிதான் முதலில் வரும். ஏனென்றால் யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்த எண்ணாக, ப-வுக்கும் முன்னால் இருக்கிறது. நாம் பள்ளியில் படித்த நெடுங்கணக்கைக் கைபேசிக்குச் சொல்லித்தருவது இந்த லோகேல் தரவுதான்.

மெனு இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எம்ஓ கோப்புகள் வரவில்லையே. இங்கேதான் டெபியன் வழிவந்த அமைப்புகளின் நேர்த்தி தெரிகிறது. நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜும் எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று டிபிகேஜி ரேஷன் கடை இருப்புப் பதிவேடு போல எழுதி வைத்திருக்கிறது. 'டிபிகேஜி வெரிஃபை' என்று ஓட்டினால் பதிவேட்டையும் வட்டையும் ஒப்பிட்டு, காணாத ஒவ்வொரு கோப்புக்கும் மிஸ்ஸிங் என்று தொடங்கும் ஒரு வரி தரும். பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். நீங்கள் அழித்த நார்வேஜியன், பாஸ்க் எல்லாமே அதில் வரும். வரிகளைத் தேடிப் பிரிக்கும் கிரெப் கொண்டு டிஏ (தமிழ்), எம்எல் (மலையாளம்) ஃபோல்டர் வரிகளை மட்டும் பிரித்து ஒரு கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்பில் உள்ள பாதைகளை டிபிகேஜி-யின் பெரிய எஸ் விருப்பத்துக்குக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று சொல்லும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது பேக்கேஜின் பெயர். ஒரே பெயர் பலமுறை வரும். சார்ட் கட்டளைக்குச் சிறிய யூ விருப்பம் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு தரம் மட்டும் நிற்கும். அந்தப் பெயர்களை ரீஇன்ஸ்டால் விருப்பத்தோடு ஆப்ட்டுக்குக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுக்காமல் இருபது இருபதாகக் கொடுத்து, நடுவே ஆப்ட் கிளீன் செய்தால் இடம் நெருக்காது. உங்கள் அமைப்புகள், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் எதையும் இது தொடாது.

முடிந்ததும் வெரிஃபை கட்டளையை மறுபடி ஓட்டி, டிஏ என்ற வரி ஏதும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கைபேசியை மறுதொடக்கம் செய்யுங்கள். தமிழ் வந்துவிடும். ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். அது நீங்கள் அழித்ததால் அல்ல, அந்த வரியை இதுவரை யாரும் மொழிபெயர்க்கவில்லை என்பதால். மொழிபெயர்த்த வரிகளில் பெரும்பகுதி யாரோ தன்னார்வலர்கள் ஊதியம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதியவை. அதனால்தான் இடம் போதவில்லை என்றதும் முதலில் தமிழில் கைவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. டியூ கட்டளையால் தமிழ் ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

இடத்தை உண்மையில் நிரப்பியது வேவ் கோப்புகள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல். விடிய விடிய நடக்கும் கொடைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் அளவு வெகுவாகக் குறையும். குடத்தின் அடியும் உடுக்கையின் நுணுக்கமும் அப்படியே இருக்கும். எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். அந்தப் பாட்டு நாளைக்கு வேறு எங்கும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: நானும் இப்படித்தான் மொழிக் கோப்புகளை நீக்கினேன். ஆனால் என் பைன்ஃபோன் உள்ளேயே போகவில்லை. கருப்புத் திரையில் நின்றுவிடுகிறது. டெர்மினலே இல்லாமல் எப்படி மீட்பது?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: லோகேல் போனதால் மட்டும் கைபேசி நின்றுவிடுவது அரிது. லிப் ஃபோல்டரில் பக்கத்தில் இருந்த வேறு எதையோ சேர்த்து அழித்திருப்பீர்கள். பைன்ஃபோனில் ஒரு வசதி உண்டு. மெமரி கார்டில் இயங்குதளம் இருந்தால், உள் சேமிப்பை விட்டுவிட்டு முதலில் அதிலிருந்துதான் தொடங்கும். ஒரு கார்டில் மொபியன் எழுதிச் செருகுங்கள். ஆரம்பக் கடவு எண் 1234. அதிலிருந்து உள் சேமிப்பின் பிரிவை (பார்ட்டிஷன்) மவுண்ட் செய்து, முதலில் உங்கள் ஹோம் ஃபோல்டரை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். பிறகு டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதனோடு இணைத்து, ச்ரூட் கட்டளையால் அந்தப் பழைய இயங்குதளத்துக்கு உள்ளே நுழைந்தால், மேலே தக்கலை மாணவருக்குச் சொன்ன அத்தனையும் அங்கேயே செய்யலாம். வெரிஃபை பட்டியலில் லோகேல் அல்லாத மிஸ்ஸிங் வரிகளை முதலில் பாருங்கள். உங்கள் நோய் அங்கேதான் இருக்கும். ச்ரூட்டுக்குள் இணையம் வரவில்லை என்றால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை உள்ளே நகல் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியிலும் லினக்ஸ்தான் என்கிறார்கள். அதிலும் இப்படித் தேவையற்ற மொழிகளை நீக்கலாமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: இயங்குதளத்தின் கரு (கெர்னல்) லினக்ஸ்தான் ஐயா. ஆனால் வீட்டின் அமைப்பு வேறு. அங்கே மொழிச் சொற்கள் ஒவ்வொரு செயலியின் ஏபிகே கோப்புக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன, சிஸ்டம் பகுதியில் எழுதவும் அனுமதி இல்லை. நீக்கவும் முடியாது, நீக்க வேண்டிய தேவையும் இல்லை. இடம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் சேர்ந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் நீக்குங்கள்.

கேள்வி: லோகேல் எல்லாம் சரியாக இருக்கிறது, மொழியும் தமிழ் என்றுதான் காட்டுகிறது. ஆனால் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. அப்பா கடலுக்குப் போகிறவர். வானிலை எச்சரிக்கையைத் தமிழில் படித்துச் சொல்ல முடியவில்லை.
(வாசகி, குளச்சல்)

பதில்: உங்கள் கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லை அம்மா. லோகேல் வேறு, எழுத்துரு வேறு. எண்களாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால் லோகேல் சிக்கல். கட்டமாக வந்தால் எழுத்துரு சிக்கல். ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற பேக்கேஜில் தமிழ் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் பெரியது. இடம் குறைவு என்றால் ஃபாண்ட்ஸ்-லோகித்-தமிழ் என்பதற்கான பேக்கேஜ் போதும். அதன் பெயரின் கடைசிப் பகுதி ஆங்கிலத்தில் டி, ஏ, எம், எல் என்ற நான்கு எழுத்துகள். நிறுவியபின் எஃப்சி-கேஷ் ஓட்டிவிட்டு, செயலியை மூடித் திறங்கள். எச்சரிக்கை விஷயம் என்பதால் இன்றே செய்துவிடுங்கள். அதுவரை உங்கள் வீட்டில் வேறு கைபேசியில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தமிழைவிட மலையாளம் வாசிக்க எளிது. எனக்குத் தமிழ். லினக்ஸ் கைபேசி ஒன்றையே இருவரும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் வருவது இருவருக்கும் சிரமம். இரண்டு மொழியும் சேர்த்து வைக்க முடியுமா?
(வாசகி, அருமனை)

பதில்: முடியும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆனாலும் மேற்கே உள்ள எத்தனையோ வீடுகளில் இரண்டு மொழியும் ஒரே அடுக்களையில்தான் புழங்குகின்றன. லினக்ஸில் அதற்கு இடம் இருக்கிறது. லேங்குவேஜ் என்ற ஒரு மாறி உண்டு, இயல்பு மொழியைக் குறிக்கும் லேங் என்பதிலிருந்து வேறுபட்டது. அதற்கு டிஏ, முக்காற்புள்ளி, எம்எல் என்று மதிப்புக் கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் முதலில் தமிழைத் தேடும். தமிழில் இல்லாவிட்டால் மலையாளத்தை எடுக்கும். இரண்டிலும் இல்லாதபோதுதான் ஆங்கிலம் வரும். ஈடிசி, டிஃபால்ட், லோகேல் என்ற கோப்பில், லேங் வரிக்குக் கீழே இதைத் தனி வரியாக எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். லேங் மட்டும் சி என்று இருக்கக் கூடாது, இருந்தால் இந்த வரியைக் கண்டுகொள்ளாது. அம்மாவே அதிகம் பயன்படுத்துகிறார் என்றால் வரிசையை மாற்றி எம்எல் முதலில் வையுங்கள்.

கெட்டெக்ஸ்ட் முறையில், அதாவது எம்ஓ கோப்புகளைக் கொண்டு, மொழிபெயர்த்த மென்பொருள்களுக்குத்தான் இது செல்லும். ஃபயர்பாக்ஸ் தன் மொழியைத் தனியே வைத்திருக்கிறது. தமிழுக்கு ஃபயர்பாக்ஸ்-ஈஎஸ்ஆர்-எல்10என்-டிஏ என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். ஆப்ட் அல்லாமல் ஃபிளாட்பேக் என்ற வேறு நிறுவல் முறை வழியாக நிறுவிய செயலிகளுக்கும் தனிப் பட்டியல்தான். ஃபிளாட்பேக் கான்ஃபிக் கட்டளையில் லேங்குவேஜஸ் என்பதற்கு டிஏ, எம்எல், ஈஎன் மூன்றையும் அரைப்புள்ளி இட்டுக் கொடுத்து, பிறகு ஃபிளாட்பேக் அப்டேட் ஓட்டினால் இரண்டு மொழிகளும் இறங்கும்.